திமியானா வீட்டுக் கீரை

இரஞ்சிதத்துக்கு வேலை கிடைத்ததும் அது கைநழுவப் பார்த்ததும் ஒரே நாளில் நடந்தன. கிளேட்டன் பல்கலைக்கழகத்தில், விலங்கியல் ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை. பேராதனையில் விலங்கியல் படித்து, கொழும்பில் பெட்டைகளின் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு, மெல்பேர்னுக்கு வந்த பிறகு ஒன்றரை வருஷமாக மல்கிரேவ் வீட்டுக் குசினி யன்னலால் எதிர்வீட்டுத் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். அந்தத் தபால்பெட்டியில் துரு எங்கே பிடித்திருக்கிறது என்பதுகூட அவளுக்கு மனப்பாடம். வேலை கிடைத்தது என்றதும் உயிர் வந்த மாதிரி இருந்தது.

அது 1977 பெப்ரவரி. கணவன் மகேந்திரராஜா செய்தியைக் கேட்டுச் சந்தோசப்பட்டான். தேத்தண்ணியைக்கூடத் தானே ஊற்றிக்கொண்டு வந்தான். பிறகு, நாலு வயது சுகந்தியை ஆர் பார்ப்பது என்று கேட்டான். அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

இரண்டு தெரு தள்ளி ஒரு பிள்ளைகள் காப்பகம் இருந்தது. இரஞ்சிதம் போய், மத்தியானத்துக்கு என்ன கொடுப்பீர்கள் என்று விசாரித்தாள். ஒரு நாள் ஹாம், ஒரு நாள் சொசேஜ், ஒரு நாள் மீன் என்று அங்கிருந்த பெண் பெருமையாகச் சொன்னாள். எங்கள் பிள்ளை இறைச்சி சாப்பிடாது என்றதும் அவள் கொஞ்சம் யோசித்து, அப்படியென்றால் கோழி கொடுக்கலாம் என்றாள். பாவம், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மகேந்திரராஜாவின் வீட்டில் மூன்று தலைமுறையாக மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் புழங்கியதில்லை. யாழ்ப்பாணத்தில் எல்லாரும் அப்படி என்று நினைத்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை விரதம் பிடித்துவிட்டுச் சனி விடிய மீன்சந்தைக்கு ஓடுகிற ஆட்கள்தான் அங்கே கூடுதல். மகேந்திரராஜாவின் ஆட்கள் ஓடாதவர்கள். ஓடுவதில்லை என்பதை ஊருக்குத் தெரியவைப்பதிலும் குறை வைக்காதவர்கள். அவன் பாலங்களுக்குப் பாரக்கணக்குப் பார்க்கிற என்ஜினியர். கெட்டவன் இல்லை, ஆனால் ஒரு கணக்கைப் போட்டுவிட்டால் போட்டதுதான். பிள்ளையின் வாயில் மச்சம் படாத இடம் கிடைத்தால் வேலைக்குப் போகலாம், கிடைக்காவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டான். இரஞ்சிதமும் சுத்த சைவக் குடும்பத்தில் பிறந்தவள்தான். அவளாலும் அதை மறுத்துப் பேச முடியவில்லை. வேலை தொடங்க ஒரு கிழமைதான் இருந்தது.

அந்தக் கிழமைதான் திமியானா வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

பக்கத்து வீட்டில் எகிப்துக்காரர் இருக்கிறார்கள் என்ற அளவில்தான் இரஞ்சிதத்துக்கு அதுவரை பழக்கம். ஐம்பத்தைந்து வயது மதிக்கக்கூடிய, பருத்த, நடக்கும்போது மூச்சு வாங்குகிற பெண். கையில் ஒரு தட்டு. அதில் எங்கள் பருப்பு வடையின் உடன்பிறப்பு மாதிரி சில வடைகள். கடலைப்பருப்புக்குப் பதிலாக ஒரு பெரிய அவரை விதையை ஊறவைத்து அரைத்துச் சுட்டது என்று, பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகளிடம் படித்த இங்கிலீஷில் திமியானா சொன்னாள். இரஞ்சிதம் கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றினாள். பால் விடப் போனபோது திமியானா கோப்பையை உள்ளங்கையால் மூடினாள். பால் இல்லை. பிஸ்கட்டை நீட்டினாள். அதில் வெண்ணெய் இருக்கும், வேண்டாம். முட்டையும் இல்லையா என்று இரஞ்சிதம் கேட்டாள். இல்லை. இறைச்சி? திமியானா நெஞ்சில் கையை வைத்து மறுத்துத் தலையாட்டினாள். மீன்கூட இல்லை.

இரஞ்சிதத்தின் தலைக்குள் மணி அடித்தது. நாங்களும் அப்படித்தான், இறைச்சி, மீன், முட்டை ஒன்றும் தொடுவதில்லை என்றாள். திமியானாவின் முகம் மலர்ந்தது. இந்தத் தெருவில் இறைச்சிப் புகைக்கு நடுவில் தான் ஒருத்திதான் என்று இருந்தாளாம். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சூட்டோடேயே சுகந்தியைப் பகலில் பார்த்துக்கொள்ள முடியுமா என்று இரஞ்சிதம் கேட்டாள், திமியானா இரண்டாம் தரம் கேட்கவைக்காமல் சம்மதித்தாள்.

எத்தனை நாளைக்கு இந்தச் சாப்பாடு என்று இரஞ்சிதம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திமியானாவும் சொல்லவில்லை, ஏனென்றால் அவளுக்கு அது சொல்லித் தெரியவேண்டிய விசயமே அல்ல. எகிப்தின் பழைய கிறிஸ்தவர்களைக் கொப்துகள் என்பார்கள். அரபுக்காரர் அந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே கிறிஸ்தவர்கள். உயிர்த்த ஞாயிறுக்கு முன்னால் ஐம்பத்தைந்து நாள் அவர்களுக்கு விரதம். அந்த நாட்களில் இறைச்சி, மீன், முட்டை, பால், நெய் எதுவும் ஆகாது. மற்ற நாட்களில் ஆட்டையும் கோழியையும் நன்றாகவே சாப்பிடுவார்கள். திமியானா வந்த அன்று அந்த விரதம் தொடங்கி மூன்றாம் நாள். வாழ்நாள் முழுக்கச் சைவம் என்று இரஞ்சிதம் நினைத்துக்கொண்டாள். இவர்களுக்கும் நோன்புக்காலம், பாலை மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று திமியானா நினைத்துக்கொண்டாள். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் பிடித்து வளர்ந்த இரஞ்சிதத்துக்கு, விரதம் என்று ஒன்று இருக்கிறது, அது முடிகிற நாள் என்றும் ஒன்று இருக்கிறது என்பது எட்டாமல் போனதுதான் வேடிக்கை.

அன்றைக்குப் பின்னேரம் அவள் மகேந்திரராஜாவிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லவா, வேதக்காரர் எங்கேயாவது சைவமாக இருப்பார்களா என்றான்.

"பாலும் குடிக்கினமில்லை. எங்களைவிடச் சைவம்" என்றாள் இரஞ்சிதம்.

மகேந்திரராஜா நேரே போய்ப் பார்த்தான். திமியானாவின் கணவர் நகீப் அவனை இருத்தி, பாலில்லாக் கோப்பி கொடுத்து, குசினியைத் திறந்து காட்டினார். அடுப்பில் அவரை, மேசையில் வெங்காயம், கத்தரிக்காய், பேணியில் எள்ளரைப்பு. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு முட்டைக்கோது கூடக் கிடையாது. பாரக்கணக்குச் சரியாக வந்துவிட்டது. இரஞ்சிதம் வேலைக்குப் போனாள்.

இனி திமியானாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நைல் கரையில் மின்யா என்ற ஊரில் பிறந்தவள். அலெக்சாந்திரியாவுக்குக் கலியாணம் கட்டிப் போனாள். நகீப் அங்கே ஒரு பஞ்சு ஏற்றுமதிக் கம்பனியில் தரம் பிரிக்கிறவர். நாரை விரலுக்கிடையில் இழுத்துப் பார்த்தே எந்த வயல் என்று சொல்லிவிடுவாராம், இது அவரே சொன்னது. 1952இல் இராணுவம் அரசனைக் கப்பலேற்றி அனுப்பியபோது கடற்கரையில் நின்று கைதட்டியவர்களில் இவர்களும் இருந்தார்கள். 1956இல் சூயஸ் கால்வாய் எங்களுடையது என்று அரசாங்கம் அறிவித்தபோது திமியானா தெருவில் இனிப்புக் கொடுத்தாள். ஐந்து வருஷம் கழித்து அதே அரசாங்கம் பஞ்சுக் கம்பனிகளையும் எடுத்துக்கொண்டது. நகீப்பின் கதிரைக்கு மேலே, பஞ்சுக்கும் பருத்திக்கொட்டைக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு கப்டன் வந்து உட்கார்ந்தான்.

அதையும் அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாமல் போனது மகனுடைய விசயம். றவூப் ஒரே பிள்ளை. அவன் என்ஜினியரிங் முடித்த 1967இல் நாடு யுத்தத்தில் தோற்றது. படித்த பெடியன்களையெல்லாம் இராணுவம் எடுத்தது, எடுத்தவர்களை விடவில்லை. கால்வாய்க் கரை மணலில் ஆறு வருஷம் இருந்தான். 1973 யுத்தமும் முடிந்து அவன் வீட்டுக்கு வந்தபோது, வாசலில் நிற்பது ஆர் என்று திமியானா கேட்டாளாம். அவ்வளவு மெலிவு. அடுத்த வருஷமே மூன்று பேரும் அவுஸ்திரேலியாவுக்கு வந்துவிட்டார்கள். றவூப் இப்போது சிட்னியில், மாதத்துக்கு ஒருக்கால் தொலைபேசியில் வருகிறான். அம்மா கேட்கிற ஒரே கேள்வி, என்ன சாப்பிட்டாய் என்பதுதான். அப்படிப்பட்டவளின் கையில் எங்கள் சுகந்தி, பயித்தங்காய் மாதிரி ஒல்லிப்பிள்ளை, போய்ச் சேர்ந்தாள்.

மகேந்திரராஜாவுக்கும் நகீப்புக்கும் நன்றாக ஒத்துப்போனது. அந்த ஜனவரியில்தான் கெய்ரோவில் ரொட்டி விலையை ஏற்றி, சனம் தெருவில் இறங்கி, இரண்டு நாளில் அரசாங்கம் விலையைப் பழையபடி இறக்கியிருந்தது. பஞ்சை எடுத்தார்கள் பேசாமல் இருந்தோம், பிள்ளைகளை எடுத்தார்கள் அழுதுகொண்டு இருந்தோம், ரொட்டியில் கை வைத்ததும்தான் எங்கள் சனத்துக்கு ரோசம் வந்தது என்று நகீப் சொல்லுவார். 1956 என்றால் எங்களுக்குச் சிங்களம் மட்டும் சட்டம் வந்த வருஷம் என்று மகேந்திரராஜா சொல்லுவான். உங்களுக்குக் கொடியேறின வருஷத்தில் எங்களுக்கு வாய் கட்டினார்கள் என்பான். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இரண்டு பேரும் இரண்டு நாட்டு அரசாங்கங்களையும் திட்டி முடித்துவிட்டுத்தான் படுக்கப் போவார்கள்.

திமியானாவின் பின்வளவில் ஒரு கீரை வளர்ந்தது. சாக்குக்கு நார் எடுக்கிற செடியின் இலைதான். முலுகியா என்பது அதன் பெயர். பொடியாகக் கொத்தி அவித்தால் முருங்கையிலையும் வெண்டிக்காயும் சேர்ந்த மாதிரி வழுவழுவென்று வரும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கெய்ரோவில் ஆண்ட ஒரு கலீபா, இந்தக் கீரையை ஒருவரும் சமைக்கக் கூடாது என்று சட்டம் போட்டாராம். தனக்குப் பிடிக்காதவர்கள் விரும்பிச் சாப்பிட்டார்கள் என்பது காரணமாம். சனம் கதவைப் பூட்டிக்கொண்டு சமைத்தது. கலீபா போய்விட்டார், கீரை இருக்கிறது என்று திமியானா சொல்லிச் சிரிப்பாள்.

அதைச் சமைப்பதில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளிப்பூண்டையும் கொத்தமல்லியையும் எண்ணெயில் வதக்கி, கீரைப் பானைக்குள் சொரிகிற அந்தக் கணத்தில், சமைக்கிறவள் "ஹா" என்று பலமாக மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். பயந்தவள் மாதிரி. இழுக்காவிட்டால் கீரை ருசிக்காது. எகிப்தில் எந்த வீட்டுக் குசினியிலும் இது உண்டு என்றாள் திமியானா. சுகந்தி அதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். பிறகு வீட்டில் இரஞ்சிதம் பருப்புக்குத் தாளிதம் கொட்டும்போதெல்லாம் பக்கத்தில் நின்று "ஹா" என்பாள். மகேந்திரராஜா பேப்பருக்குப் பின்னால் சிரிப்பான்.

ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு வந்தது. திமியானா கோயிலால் வந்து, சீனித்தூள் வெள்ளையாகத் தூவிய பிஸ்கட் ஒரு தட்டு கொண்டுவந்தாள். எங்கள் விரதம் முடிந்தது, அடுத்த வருஷமும் சேர்ந்து பிடிக்கக் கடவுள் வைக்கட்டும் என்று இரஞ்சிதத்தைக் கட்டிப்பிடித்தாள். கொழும்பு வேதக்காரர் பெரிய வெள்ளியில் பட்டினி கிடப்பது இரஞ்சிதத்துக்குத் தெரியும். அதைத்தான் சொல்கிறாள், பாலையும் நெய்யையும் விட்டிருந்ததும் அதற்காகத்தான் என்று எடுத்துக்கொண்டு, உங்களுக்கும் அப்படியே என்றாள். திமியானாவுக்கு வேறென்ன வேண்டும். சேர்ந்து பிடித்த விரதம் சேர்ந்தே முடிந்துவிட்டது.

அதன்பிறகு கீரையின் ருசி கூடியது. இரஞ்சிதமும் கவனித்தாள். முந்தியைவிடக் கொழுப்பாக, பளபளவென்று இருந்தது. விரதம் முடிந்ததால் நெய் சேர்க்கிறாள் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிண்ணம் வீட்டுக்கும் வந்தது. மகேந்திரராஜா சோற்றில் ஊற்றிக் குழைத்துக் கிண்ணத்தை வழித்து எடுத்தான். சுகந்தியின் கன்னத்தில் சதை பிடித்தது. ஆய்வுகூடத்தில் இரஞ்சிதத்துக்குத் தனி மேசை கொடுத்திருந்தார்கள், பெயர் தைத்த வெள்ளைக் கோட்டும் தந்திருந்தார்கள். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தது. அந்த நாட்களில் அவள் சந்தோசமாக இருந்தாள்.

மே முதலாம் திகதி, ஞாயிறு மத்தியானம். மூன்று பேரும் மேசையில் இருந்தார்கள். இரஞ்சிதத்தின் பல்லில் ஏதோ தட்டுப்பட்டது. கீரைத்தண்டு என்று விரலால் எடுத்தாள். அது எலும்பு. சின்ன விரல் நகமளவு, இரண்டு பக்கமும் முள் நீட்டிக்கொண்டு. கோழியுடையது இல்லை. பேராதனையில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு அவள் வெட்டிப் பிரித்து, வரிசையாக அடுக்கி, பெயர் எழுதிப் புள்ளி வாங்கிய எலும்பு அது. முயலின் முள்ளந்தண்டுத் துண்டு.

அவள் அதைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். எதிரே மகேந்திரராஜா இரண்டாம் தரம் கீரை ஊற்றிக்கொண்டிருந்தான்.

"இஞ்சரும், செவ்வாய்க்கிழமை சித்திரா பௌர்ணமி. அம்மான்ர விரதம். திமியானாவிட்ட இந்தக் கீரையில கொஞ்சம் கேட்டு வையும். அம்மாவுக்குப் படைப்பம்" என்றான்.

செத்துப்போன தாய்க்காக வருஷத்தில் ஒரு நாள் பிள்ளைகள் பிடிக்கிற விரதம் அது. எந்த வேலை இருந்தாலும் அவன் அதை விட்டதில்லை. இரஞ்சிதம் ஓம் என்றாள். மேசைக்குக் கீழே எலும்பைச் சேலைத் தலைப்பில் முடிந்தாள். எழும்பிப் போய்க் குளியலறையில் சத்தி எடுத்தாள்.

மறுநாள் வேலையால் வந்தவள் நேரே திமியானா வீட்டுக்குப் போனாள். எலும்பை மேசையில் வைத்தாள். திமியானா பார்த்துவிட்டு, ஐயோ வடித்துத்தானே ஊற்றினேன், பிள்ளையின் தொண்டையில் சிக்கியிருந்தால் என்று பதறினாள். முயல் போட்டுத்தான் முலுகியா வைக்கவேண்டும், விரதத்தில் வைப்பது வெறும் தண்ணிக் கீரை, இப்போதுதான் பிள்ளைக்குக் கொஞ்சம் உடம்பு வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனாள். இரஞ்சிதம் அழத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு ஏதோ பிழை என்று பட்டது.

இது எங்களுக்கு ஐம்பத்தைந்து நாள் அல்ல, பிறந்ததிலிருந்து சாகும்வரைக்கும் என்று இரஞ்சிதம் சொன்னாள். திமியானா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தைகளுக்குமா என்று மெதுவாகக் கேட்டாள். அந்தக் கேள்வி இரஞ்சிதத்துக்குச் சுட்டது.

"உன்னை நம்பித்தானே பிள்ளையை விட்டேன்" என்றாள்.

"நீ எனக்குச் சொல்லவில்லையே" என்றாள் திமியானா. குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல, கெஞ்சுகிற குரலில்.

இரஞ்சிதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வேலிக் கதவைத் தாண்டியதும், திமியானா சொன்னது உண்மைதான் என்று தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். வேலை வேண்டும் என்ற அவசரத்தில் கண்ணுக்குப் பட்டதை வைத்து முடிவு கட்டினது அவளேதான்.

மகேந்திரராஜாவிடம் சொல்லாமல் விடலாமா என்று அவள் யோசிக்காமல் இல்லை. இனிமேல் பிள்ளைக்கு வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக் கொடுக்கலாம். கீரை முடிந்துவிட்டது, குளிருக்குப் பட்டுவிட்டது என்று சொல்லலாம். அவன் நம்புவான். வேலையும் இருக்கும். ஆனால் நாளைக்கு அம்மாவுக்குப் படைக்க அந்தக் கீரைதான் வேண்டும் என்று ஆசையாகக் கேட்ட மனுசனிடம், அதே வாயால் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. விளக்கு வைக்கிற நேரம் எல்லாவற்றையும் சொன்னாள். தான் சாப்பிட்டது, பிள்ளை சாப்பிட்டது, அவன் வழித்து வழித்துச் சாப்பிட்டது.

மகேந்திரராஜா எழும்பிப் போய் வாயைக் கொப்பளித்தான். மூன்று கிழமையாகச் சாப்பிட்டுவிட்டு இப்போது கொப்பளித்து என்ன வரப்போகிறது, ஆனாலும் நெடுநேரம் கொப்பளித்தான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"அம்மாவுக்கு வச்சிருப்பனே" என்றான். பிறகு, வெள்ளிக்கிழமையோடு வேலையை நிற்பாட்டும்படி சொன்னான். அதுவரைக்கும் தானே லீவு போட்டுப் பிள்ளையைப் பார்ப்பதாகச் சொன்னான். போட்ட கணக்குப் போட்டதுதான். அவள் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று பிறகு பலநாள் நினைத்தாள்.

மகேந்திரராஜாவின் லீவு நாட்களைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை. செவ்வாய்க்கிழமை விரதம். புதன்கிழமை அவன் வைத்த பருப்பில் உப்பு இல்லை, வியாழக்கிழமை உப்பு மட்டும்தான் இருந்தது. சுகந்தி சாப்பாட்டைத் தள்ளிவிட்டு வேலியோரம் போய் நின்றாள். கூப்பிட்டும் வரவில்லை. அவன் தாளிதத்தைக் கொட்டும்போது மட்டும் ஓடிவந்து "ஹா" என்றாள். அவன் திடுக்கிட்டுச் சட்டியைப் போட்டுவிட்டான். ஏன் பிள்ளை இப்படிச் செய்கிறாய் என்று கேட்டதற்கு, அப்பா நீங்கள் செய்யவில்லை, அதுதான் ருசியில்லை, திமியானா அன்ரி ஒருநாளும் மறக்கமாட்டா என்றாள். அன்று பின்னேரம் இரஞ்சிதம் வந்ததும் இதை அவன் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. இரஞ்சிதம் வெள்ளைக் கோட்டைத் தோய்த்து வீட்டுக்குள் கட்டியிருந்த கொடியில் போட்டாள். அடுத்த நாளோடு அது தேவைப்படாது.

அந்த நேரம்தான் வாசல் மணி அடித்தது. திமியானாவும் நகீப்பும் நின்றார்கள். நகீப் கோயிலுக்குப் போகிற சூட் போட்டிருந்தார். திமியானாவின் கையில் ஒரு புதுப் பானை, கடை லேபல்கூடக் கிழிக்காதது. மகேந்திரராஜா என்ன இருந்தாலும் வீட்டுக்கு வந்தவர்களை நிற்கவைக்கிறவன் அல்ல. கதிரை காட்டினான். திமியானா உட்காரவில்லை. பானையைத் திருப்பி உட்புறத்தைக் காட்டினாள்.

"இதில் எதுவும் பட்டதில்லை, படவும் படாது. கரண்டியும் தட்டும் புதுசு. மத்தியானச் சமையல் இதில்தான். பிள்ளை சாப்பிடுவதைத்தான் நானும் சாப்பிடுவேன். பகலில் என் குசினியில் வேறு அடுப்பு எரியாது" என்றாள்.

மகேந்திரராஜா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உங்களுக்கு ஏன் இந்தச் சிரமம், அடுத்த விரதம் வந்தால் அப்போது பார்க்கலாம் என்று மரியாதைக்குச் சொன்னான். அப்போது நகீப் தொண்டையைச் செருமினார். அடுத்த விரதம் மே கடைசியில்தான் என்றார். அதல்ல விசயம். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு ஐம்பது நாள் தங்கள் சபையில் விரதம் பிடிப்பதே தடை. வழக்கமான புதனும் வெள்ளியும்கூடக் கிடையாது. அது சந்தோசத்துக்கான காலம், அப்போது விரதம் இருப்பது கலியாண வீட்டில் ஒப்பாரி வைக்கிற மாதிரி. பாதிரியாருக்குத் தெரிந்தால் ஏசுவார், இதையெல்லாம் இவளுக்குச் சொல்லிப் பார்த்தேன், கேட்கிறாள் இல்லை என்றார்.

மகேந்திரராஜா நிமிர்ந்து திமியானாவைப் பார்த்தான். கட்டுப்பாடு என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். அந்த அறையில் இருந்தவர்களில் அது நன்றாகத் தெரிந்தவர்கள் அவனும் அவளும்தான்.

"அப்ப நீங்கள் உங்கட விதியை மீறுறியள்" என்றான். பதட்டத்தில் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு இங்கிலீஷில் சொன்னான்.

திமியானா இல்லையென்று தலையாட்டினாள். "இது விரதம் இல்லை. சுகந்தியோடு சாப்பிடுகிறேன், அவ்வளவுதான். பாதிரியார் தடுத்தால் தடுக்கட்டும். கலீபா தடுத்தே நாங்கள் கீரையை விடவில்லை."

நகீப்தான் முதலில் சிரித்தார். மகேந்திரராஜா சிரிக்கவில்லை. பானையை வாங்கினான். அதன் அடியில் ஒட்டியிருந்த லேபலை நகத்தால் சுரண்டி எடுக்கத் தொடங்கினான். பசை விடவில்லை. குசினிக்குப் போய்ச் சுடுதண்ணி விட்டு, துணியால் தேய்த்து, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். உள்ளே இருந்து ஓடிவந்த சுகந்தி திமியானாவின் பாவாடையில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அவன் பானையைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் திமியானாவிடம் கொடுத்தான். பிறகு கொடியில் தொங்கிய வெள்ளைக் கோட்டைத் தொட்டுப் பார்த்தான்.

"இது இன்னும் ஈரமாக் கிடக்கு" என்றான் இரஞ்சிதத்திடம். "ஹீற்றருக்குப் பக்கத்தில போடும். நாளைக்கு மட்டுமில்லை, திங்கக்கிழமையும் வேணுமல்லோ."